உருளைப்புழுவின் வளர்ச்சி நெடுகிலும் பி.ஜி.எல்-1 புரதம் இருக்கும் இடத்தைக் கண்டறியும் முறை

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவின் கருமுட்டை முதன்முறை பிளவுறும்போது கிடைக்கும் இரண்டு செல்களில் ஒன்று மட்டுமே அடுத்த தலைமுறைக்கான முட்டையையும் விந்தையும் தரப்போகும் வழியில் நிற்கிறது. மற்றது முழுக்க உடற்செல்களாகவே மாறிவிடும். பி0 எனப்படும் கருமுட்டையிலிருந்து ஏ.பி, பி1 என்ற இரு செல்களும், பி1-லிருந்து இ.எம்.எஸ், பி2 என்ற இரு செல்களும், பி2-லிருந்து சி, பி3 என்ற இரு செல்களும், பி3-லிருந்து டி, பி4 என்ற இரு செல்களும் பிறக்கின்றன. பி4 மட்டும் சமமாகப் பிளந்து இசட்2, இசட்3 என்னும் இரண்டு செல்களைத் தருகிறது. புழுவின் இனச்செல்கள் அனைத்தும் இவ்விரண்டின் வழித்தோன்றல்களே. ஜான் சல்ஸ்டனும் அவருடைய குழுவினரும் 1983-இல் கருவின் செல் வரலாறு முழுவதையும் வெளியிட்டதால், எந்தச் செல் எங்கிருந்து வந்தது என்பதில் இன்று ஐயம் இல்லை. இனச்செல் வழிக்கு உரிய ஒரு புரதம் எந்தக் கட்டத்தில், எந்தச் செல்லில், செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேட்பதற்கு இதைவிட வசதியான உயிரி கிடைப்பது அரிது. ஆயினும், செல்லின் அடையாளத்தை ஒளிரவைத்துத் தேடும் அந்தப் புரதத்தைக் கொண்டே முடிவு செய்பவர் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவார். செல் எது என்பதை ஒரு சான்றும் புரதம் எங்கே என்பதை வேறொரு சான்றும் காட்ட வேண்டும். கீழே சொல்லப்படும் முறை முழுவதும் இந்த ஒரு விதியைச் சார்ந்தே அமைகிறது.

எந்தப் புரதத்தைத் தேர்வது

இனச்செல் வழிப் புரதங்கள் எல்லாம் ஒரே காலத்துக்கு நிலைப்பவை அல்ல. பை-1 என்னும் புரதம் பி1 முதல் பி4 வரை உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் காணப்பட்டு, பி4 பிளந்த பின் விரைவில் மறைந்துவிடுகிறது. ஆகவே, தொடக்கக் கருவை மட்டும் ஆராய்பவருக்கு அது பயன்படும். இளம்புழுவிலும் முதிர்புழுவிலும் தேடுபவருக்குப் பயன்படாது. வளர்ச்சி நெடுகிலும் பின்தொடர வேண்டுமானால், பி-துகள்கள் எனப்படும் இனச்செல் துகள்களின் உறுப்பான பி.ஜி.எல்-1 புரதமே ஏற்றது. 1998-இல் இப்புரதத்தை விவரித்தவர்கள் அது ஆர்.என்.ஏ-வுடன் பிணையக்கூடியது என்று கணித்ததோடு, கருவுறும் திறனுக்கு அது தேவை என்பதையும் காட்டினர். அதன் மரபணு பழுதான புழுக்கள் குளிர்ந்த வெப்பநிலையில் பெரும்பாலும் குட்டிகளை ஈனுகின்றன. 26° செல்சியஸில் வளர்த்தால் மலடாகின்றன. பின்னர் வரும் கன்ட்ரோல் (ஒப்பீட்டு) மாதிரிகளுக்கு இந்தப் புழுக்களே தேவைப்படும் என்பதால், மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலுள்ள புழு வகைகளின் மையத்திலிருந்து பிரிஸ்டல் என்2 என்னும் இயல்பு வகையோடு இவற்றையும் தொடக்கத்திலேயே வரவழைத்து, 16 முதல் 20 பாகைக்குள் பேணி வைத்திருப்பது நல்லது.

பி.ஜி.எல்-1-ஐ அடையாளம் காணும் கே76 என்ற சுண்டெலி ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கோடு பிணையும் புரதம்), ஆன்டிபாடி தரும் செல்களைப் பேணும் அயோவா பல்கலைக்கழகத்தின் ஹைப்ரிடோமா வங்கியில் கிடைக்கிறது. அது ஐ.ஜி.எம் வகையைச் சேர்ந்தது. முதல் ஆன்டிபாடியோடு பிணைந்து ஒளி தருவது இரண்டாம் ஆன்டிபாடி. சுண்டெலியின் ஐ.ஜி.ஜி என்னும் வேறு வகையை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியைப் போட்டுவிட்டு எதுவும் ஒளிரவில்லை என்று வருந்துவது புதியவர்களிடம் அடிக்கடி நிகழ்கிறது. ஐ.ஜி.எம்-க்கே உரிய இரண்டாம் ஆன்டிபாடியை வாங்க வேண்டும். இந்த வேறுபாட்டினால் ஒரு நன்மையும் உண்டு. உட்கருத் துளைகளை அடையாளம் காட்டும் எம்.ஏ.பி-414 என்னும் ஆன்டிபாடியும் சுண்டெலியினுடையதே. ஆனால் அது ஐ.ஜி.ஜி வகை. எனவே வகைக்கு ஒன்றாக இரண்டு இரண்டாம் ஆன்டிபாடிகளைத் தேர்ந்தால், ஒரே கருவில் ஒரு நிறத்தில் பி.ஜி.எல்-1-ஐயும் வேறொரு நிறத்தில் உட்கருவின் விளிம்பையும் காணலாம். அந்த விளிம்பு ஏன் இன்றியமையாதது என்பது கீழே தெளிவாகும்.

கட்டங்களைத் திரட்டுதல்

புழு தன் முட்டைகளை ஏறத்தாழ முப்பது செல் நிலையில்தான் வெளியிடுகிறது. அதனால் பிளேட்டில் கிடக்கும் முட்டைகளை மட்டும் திரட்டினால் பி0 முதல் பி3 வரையிலான கட்டங்கள் கைக்குச் சிக்காமலே போய்விடும். அவற்றைப் பெற, முதிர்ச்சியடைந்து ஒரு நாளே ஆன தாய்ப்புழுக்களை எம்9 என்னும் உப்புக் கரைசல் துளியில் இட்டு, இரண்டு மெல்லிய ஊசிகளால் உடலின் நடுவே வெட்டிக் கருக்களை வெளியேற்ற வேண்டும். தொடக்கப் பிளவுகள் 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒன்றாக நடப்பதால், வெட்டிய கருக்களை மேசைமேல் விட்டுவைத்தால் தேடிய கட்டம் கடந்துபோகும். சில புழுக்களை மட்டும் வெட்டி உடனே உறையவைத்துவிட்டு, அடுத்த ஸ்லைடுக்கு மீண்டும் புதிதாக வெட்டுவதே பயன் தரும் வழி.

பிந்திய கருக்களுக்கும் இளம்புழுக்களுக்கும் ஹைப்போகுளோரைட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலில் தாய்ப்புழுக்களைக் கரைத்து முட்டைகளை மட்டும் பிரித்தெடுக்கலாம். உடல்கள் கரைந்தவுடன் காலம் தாழ்த்தாமல் பலமுறை கழுவ வேண்டும். உணவில்லாத எம்9 கரைசலில் இரவு முழுவதும் வைத்தால், பொரித்த புழுக்கள் அனைத்தும் எல்1 என்னும் முதல் இளம்புழு நிலையில் நின்றுவிடும். அந்நிலையில் இசட்2, இசட்3 ஆகியவை பிளவுபடாமல் காத்திருக்கும். ஓ.பி-50 பாக்டீரியா பரப்பிய பிளேட்டில் விட்டதும் வளர்ச்சி தொடரும். 20° செல்சியஸில் சுமார் இரண்டு நாட்களில் எல்4 என்னும் கடைசி இளம்புழு நிலையையும் மூன்று நாட்களில் முட்டையிடும் பருவத்தையும் எட்டும்.

தாயின் வயதைக் குறித்துவைக்க மறக்கக் கூடாது. இருபால் புழு தன்னிடம் உள்ள ஏறத்தாழ முந்நூறு விந்துசெல்களைத் தீர்த்துவிட்டால் முட்டை வெளியேற்றம் தடைபட்டு, காத்திருக்கும் அண்டசெல்களில் பி.ஜி.எல்-1 பெரிய திரள்களாகக் குவிகிறது. அதைக் கண்டு வளர்ச்சியின் இயல்பான கட்டம் என்று எண்ணினால் முடிவே தவறிப்போகும். கடும் வெப்பமும் இவ்வாறே துகள்களின் தோற்றத்தை மாற்றக்கூடியது.

உறையவைத்தலும் நிலைநிறுத்தலும்

கருவைச் சூழ்ந்த கைட்டின் ஓட்டையும் அதன் உள்ளே இருக்கும் சவ்வையும் ஆன்டிபாடி ஊடுருவாது. அதனால் ஓட்டை உடைத்தே ஆக வேண்டும். பாலிலைசின் பூசிய ஸ்லைடின் மேல் கருக்கள் கொண்ட துளியை இட்டு, கவர்ஸ்லிப்பை ஸ்லைடின் விளிம்புக்கு வெளியே சற்று நீட்டியவாறு வைத்து, வடிதாளால் ஓரத்திலிருந்து நீரை மெல்ல உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கருக்கள் கவர்ஸ்லிப்பைத் தொட்டு இலேசாக அகலமாகும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன்பே நிறுத்தினால் ஓடு உடையாது, அதற்குப் பின்னும் தொடர்ந்தால் கருவே நசுங்கிவிடும். பயிற்சியால் மட்டுமே கைவரும் படி இது. உலர்பனியின் மேல் வைத்த உலோகக் கட்டையில் ஸ்லைடை முழுவதும் உறையவைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் கவர்ஸ்லிப்பின் ஓரத்தைப் பிளேடால் ஒரே வீச்சில் தெறிக்கவிட்டு, உடனே −20° செல்சியஸ் மெத்தனாலில் 10 நிமிடமும் பிறகு அதே குளிர்ச்சியுள்ள அசிட்டோனில் 10 நிமிடமும் வைக்க வேண்டும். கவர்ஸ்லிப் பிரிந்ததற்கும் ஸ்லைடு மெத்தனாலில் இறங்குவதற்கும் இடையே கரு உருகிவிடக் கூடாது. பி-துகள்கள் நீர்மத் துளிகளைப் போல் நடந்துகொள்பவை என்று 2009-இல் காட்டப்பட்டது. உறுதியான உடல் அற்ற அவற்றின் உருவம் உருகும் நொடிகளில் மாறிவிடலாம்.

இதன்பின், 0.1 விழுக்காடு ட்வீன் என்னும் சோப்புப் பொருள் கலந்த பி.பி.எஸ் உப்புக் கரைசலில் கழுவி, ஆல்புமின் சேர்த்த அதே கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டு, முதல் ஆன்டிபாடிகளை 4 பாகையில் இரவு முழுவதும் ஈரப்பெட்டிக்குள் வைத்து, காலையில் மூன்று முறை கழுவி, இரண்டாம் ஆன்டிபாடிகளை ஒன்றிரண்டு மணி நேரம் இருட்டில் வைத்து, கடைசிக் கழுவலில் உட்கருவின் டி.என்.ஏ-வை ஒளிரவைக்கும் டாப்பி சாயத்தைச் சேர்த்து மூடிவிடலாம். ஒவ்வொரு புதிய குப்பி ஆன்டிபாடிக்கும் பல நீர்த்தல் அளவுகளைச் சோதித்துப் பொருத்தமானதைத் தேர்வது வழக்கம்.

செல்லை முதலில் அடையாளம் காணுதல்

நுண்ணோக்கியின் முன் அமர்ந்ததும் பி.ஜி.எல்-1-இன் நிறத்தைத் திறக்காமல், டாப்பியை மட்டும் திறந்து உட்கருக்களை எண்ண வேண்டும். இரண்டு செல் கருவில் பெரிய செல் ஏ.பி, சிறியது பி1. ஏ.பி இரண்டொரு நிமிடம் முந்திப் பிளப்பதால், மூன்று உட்கருக்கள் கொண்ட கரு சிறிது நேரமே நீடிக்கும். அதில் இன்னும் பிளவாமல் இருப்பது பி1. நான்கு செல் கருவில் பின்முனையில் சிறிதாக அமைந்திருப்பது பி2. பி வழியின் செல்கள் தம் உடன்பிறந்த செல்களைவிடச் சிறியவை, தாமதமாகப் பிளப்பவை. அளவு, இடம், தாமதம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் அடையாளம் உறுதி. ஏறத்தாழ 24 செல் நிலையில் பி4 தோன்றி, நூறு செல் நிலையை ஒட்டி இசட்2, இசட்3 ஆகிறது. பொரித்த எல்1 புழுவில் உடலின் நடுப்பகுதியில், குடலுக்குக் கீழே, நான்கு செல்கள் ஒன்றாகக் கூடியிருக்கும். அவற்றின் இரு ஓரங்களில் உடற்செல்களான இசட்1, இசட்4 இருக்க, நடுவில் இசட்2, இசட்3 இருக்கும். பெயரைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே புரதத்தின் நிறத்தைத் திறக்க வேண்டும்.

காணவேண்டிய காட்சி

புதிதாகக் கருவுற்ற முட்டையில் துகள்கள் சைட்டோபிளாசம் எங்கும் சிதறிக் கிடக்கும். விந்து நுழைந்த முனை பின்முனையாக உறுதிப்பட்டு முன்பின் வேறுபாடு நிலைபெற்றதும், முன்பாதியிலுள்ள துகள்கள் கரைகின்றன, பின்பாதியிலுள்ளவை பெருகுகின்றன. முட்டையின் உட்கருவும் விந்தின் உட்கருவும் சந்திக்கும் நேரத்தில் ஒளி முழுவதும் பின்பக்கமே நிற்கும். சூசன் ஸ்ட்ரோமும் வில்லியம் வுட்டும் 1982, 1983 ஆண்டுகளில் முதன்முதலில் விளக்கிய இந்த நகர்வை ஒரே ஸ்லைடில் பல பி0 கருக்களை அடுத்தடுத்துப் பார்த்தே கோவையாக்கிவிடலாம். அதற்குத்தான் தொடக்கக் கருக்கள் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

இரண்டு செல் நிலையில் பி1-இலும் நான்கு செல் நிலையில் பி2-இலும் துகள்கள் குவியும். ஆனால் இ.எம்.எஸ், சி, டி ஆகிய உடன்பிறப்புகளில் சிறிதளவு மிச்சம் தென்படுவது இயல்பே. பிரிவின்போது தவறிப்போன அந்த மிச்சத்தைத் தன்னுண்ணல் முறையில் செல்லே அழித்துவிடுகிறது. எனவே 'உடற்செல்லில் ஒளி உண்டா, இல்லையா' என்ற கேள்வியைவிட, 'எந்தக் கட்டத்துக்குப் பின் இல்லை' என்ற கேள்வியே பொருளுடையது.

பி வழி நெடுக மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. பி0-இல் சைட்டோபிளாசத்தில் தனித்து நின்ற துகள்கள் பி2, பி3 கட்டங்களில் உட்கருவின் அருகே வந்து சேர்ந்து, பி4-இல் உட்கருவைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்கின்றன. இசட்2, இசட்3-இலும், எல்1 தொடங்கி எல்4 வரை பெருகும் எல்லா இனச்செல்களிலும், முதிர்புழுவின் இனச்சுரப்பியில் பிளந்துகொண்டே இருக்கும் முனையிலும், அதையடுத்த குன்றல் பிரிவின் பேக்கிடீன் என்னும் கட்டத்திலுள்ள பகுதியிலும் அந்த வளையம் தொடரும். உருமுதிர்ந்துவரும் அண்டசெல்களில் அது உட்கருவைவிட்டுக் கழன்று மீண்டும் சைட்டோபிளாசத்தில் சிதறும். விந்துசெல் உருவாக்கத்தின் பிற்பகுதியில் பி.ஜி.எல்-1 மறைந்துவிடுவதால், முதிர்ந்த விந்தில் அது இல்லை. குட்டிக்குக் கிடைக்கும் முதல் இருப்பு முழுவதும் தாயின் முட்டை வழியாக வருவதே.

உட்கருவை ஒட்டியிருக்கிறது என்று எழுதும் முன் ஒரு சோதனை அவசியம். கருவின் தடிமன் முழுவதையும் அடுக்கடுக்காகப் படம் எடுத்து ஒன்றாகத் தட்டையாக்கினால், உட்கருவுக்கு மேலே சைட்டோபிளாசத்தில் மிதக்கும் துகளும் உட்கருவின் மேல் ஒட்டியதுபோலவே தெரியும். ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே நகர்த்திப் பார்த்து, உட்கருவின் நடுவெட்டில், எம்.ஏ.பி-414 காட்டும் வளையத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுக்கொண்டு துகள் நிற்கிறதா என்று காண வேண்டும். தட்டையாக்கிய படத்தை அச்சிடலாம். முடிவை மட்டும் அதிலிருந்து எடுக்கக் கூடாது.

நம்பலாமா என்பதைச் சோதித்தல்

இந்தப் பகுதிக்கே அதிக நேரத்தை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்ட ஸ்லைடு ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும். வேறு உயிரிகளில் இது வெறும் சம்பிரதாயமாகப் போய்விடலாம். இந்தப் புழுவில் அப்படியன்று. 1982-இல் பி-துகள்களை வெளிக்கொணர்ந்ததே சுண்டெலி ஆன்டிபாடிக்கு எதிராக முயலில் உருவாக்கிய ஒளிரும் ஆன்டிபாடிதான். சில முயல்களின் ஆன்டிபாடிகள் தாமாகவே துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே முயலில் உருவாக்கிய எந்த ஆன்டிபாடியும் துகளைக் காட்டினால், தான் தேடிய புரதத்தையே அது காட்டுகிறது என்று உடனே கொள்ளக் கூடாது.

அடுத்தது, பி.ஜி.எல்-1 மரபணு பழுதான புழு. அதில் கே76 எதையும் காட்டக் கூடாது. காட்டினால் அந்த ஒளி வேறெங்கிருந்தோ வருகிறது. இயல்பு வகையையும் பழுதுற்ற வகையையும் ஒரே நாளில், ஒரே கரைசல்களில், ஒரே ஒளியளவில் படமெடுத்தால்தான் ஒப்பீடு செல்லும்.

குடலைக் குறித்துத் தனி எச்சரிக்கை தேவை. குடற்செல்களிலுள்ள துகள்கள் எந்தச் சாயமும் இன்றித் தாமே ஒளிர்பவை. பிந்திய கரு நிலையிலிருந்தே அவை தெரியத் தொடங்கும். எல்1 புழுவின் இசட்2, இசட்3 குடலை ஒட்டியே இருப்பதால் இரண்டும் எளிதில் குழம்பும். சாயமிடாத ஸ்லைடில் அதே அமைப்பில் ஒரு படம் எடுத்துவைத்தால் இந்த ஐயம் தீரும்.

இல்லை என்ற முடிவுக்கும் சான்று வேண்டும். இளம்புழுக்களின் தோலுறை எல்லாவற்றிலும் ஒரே அளவில் உடைவதில்லை. உடையாத புழுவில் ஆன்டிபாடி உள்ளே போகாமலே இருட்டாகத் தெரியும். அதே செல்லில் எம்.ஏ.பி-414 தெளிவான வளையத்தைக் காட்டியிருந்தால் மட்டுமே அங்கே பி.ஜி.எல்-1 இல்லை என்று எழுதலாம். வளையம் தெரியாத புழுவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமானால், எல்.ஜி.ஜி-1 மரபணு பழுதாகித் தன்னுண்ணல் தடைபட்ட கருக்களையும் சேர்த்துச் சாயமிடலாம். அவற்றின் உடற்செல்களில் பி.ஜி.எல்-1 அழியாமல் தங்கிவிடுவதால், உடற்செல்லில் அது இருந்தால் இந்த முறை காட்டிக்கொடுக்கும் என்பதற்கு அவையே சாட்சி.

உயிருள்ள புழுவிலும், தந்தை வழியிலும்

மெத்தனால் காட்டியதை உயிருள்ள கருவிலும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பி.ஜி.எல்-1 மரபணுவின் சொந்த இடத்திலேயே பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி புரதக் குறியைச் செருகிய புழுவைப் பயன்படுத்த வேண்டும். பல படிகளாக அடுக்கி உட்செலுத்திய மரபணுக்களை இந்தப் புழுவின் இனச்செல்கள் அடக்கிவிடுவதால், அவ்வகைப் புழுக்களில் ஒளி இல்லாமை எதையும் நிறுவாது. கருவை 2 விழுக்காடு அகரோஸ் மெத்தையில் அழுத்தமின்றி வைத்து, லேசரின் வலிமையைக் குறைத்துப் படமெடுத்தால், நிலைநிறுத்திய ஸ்லைடில் வெவ்வேறு கருக்களில் துண்டுதுண்டாகக் கண்ட நகர்வு ஒரே கருவில் தொடர்ச்சியாகத் தெரியும். குறியிட்ட கரு பொரித்து வளர்ந்து குட்டி ஈன்றால், குறி புரதத்தின் வேலையைக் கெடுக்கவில்லை என்பதும் உறுதிப்படும். இந்தச் சோதனையை 26° செல்சியஸிலும் செய்ய வேண்டும், ஏனெனில் குறைந்த வெப்பநிலையில் பி.ஜி.எல்-1 இல்லாத புழுவும் பெரும்பாலும் குட்டி ஈனும்.

இதே புழுவைக் கொண்டு, காணும் புரதம் தாய் கொடுத்ததா, கரு தானே உருவாக்கியதா என்பதையும் பிரித்தறியலாம். குறியுள்ள ஆண்புழுவைக் குறியற்ற இருபால் புழுவோடு இணைத்தால், குட்டிகளில் தோன்றும் பச்சை ஒளி முழுவதும் தந்தையின் மரபணுவிலிருந்து கரு தானே உருவாக்கியது. தாயின் இருப்பு ஒளிராது. தன் விந்தால் தானே ஈன்ற குட்டிகள் இடையே கலந்திருக்கும் என்பதால், எந்தக் கருவில் ஒளி இல்லை என்பதைக் கொண்டு முடிவு செய்யாமல், ஒளி தோன்றிய மிகத் தொடக்கக் கட்டம் எது என்பதை உட்கருக்களின் எண்ணிக்கையோடு குறிக்க வேண்டும். குறிப்பேட்டில் ஒவ்வொரு கருவுக்கும் உட்கரு எண்ணிக்கை, செல்லின் பெயர், ஒளி சைட்டோபிளாசத்திலா உட்கருவை ஒட்டியா, தாயின் வயது, வளர்த்த வெப்பநிலை ஆகியவை இடம்பெற்றிருந்தால், வேறொருவர் வேறொரு ஆய்வகத்தில் அதே கட்டத்தைத் தேடி அதே செல்லைச் சென்றடைய முடியும்.